கொசு கடிக்காத காடு

சில வாரங்களுக்கு முன்பு ஜார்ஜ்டவுனில் ஒரு பள்ளியின் அறிவியல் விழாவுக்குப் போயிருந்தேன். ஒரு வகுப்பறையின் கதவில் ‘மழைக்காட்டுக்குள் வாருங்கள்’ என்று எழுதி ஒட்டியிருந்தார்கள். உள்ளே மேசை நாற்காலிகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். நடுவில் ஒரே ஒரு வி.ஆர். கண்ணாடி. அதைப் போட்டுப் பார்க்க முப்பது பேராவது வரிசையில் நின்றிருப்பார்கள். கண்ணாடி அணிந்தவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள், காற்றில் கையை நீட்டி எதையோ தொட்டார்கள், சிலர் சட்டென்று குனிந்தார்கள். வெளியே நின்றவர்களுக்கு நல்ல வேடிக்கை.

படிவம் இரண்டில் படிக்கும் ஒரு மாணவி கண்ணாடியைக் கழற்றியதும், “எப்படிம்மா இருந்துச்சு?” என்று கேட்டேன்.

“சூப்பர் சார். கொசுவே கடிக்கல!” என்றாள்.

அந்த வகுப்பறையின் சன்னலைத் திறந்தால் கொடிமலை தெரிகிறது. அவள் வீடு ஆயர் ஈத்தாமில், மலையின் காலடியில். மலைக்குப் போயிருக்கிறாயா என்று கேட்டேன். “ரெண்டு தடவை ட்ரெயின்ல போயிருக்கேன் சார். மேலே ஐஸ் கச்சாங் சாப்பிட்டு, படம் எடுத்துட்டு வந்துட்டோம்” என்றாள். காட்டுக்குள் போகும் பாதை எதிலும் அவள் கால் வைத்ததில்லை. அவளைக் குறை சொல்லவில்லை. அவள் வயதில் பினாங்கில் வளரும் பலருக்கு இதுதான் நிலைமை. மலை என்பது சன்னலுக்கு வெளியே தெரியும் ஒரு பச்சைப் படம். உள்ளே போய்ப் பார்த்த முதல் காடு, கண்ணாடிக்குள் இருந்த காடு.

அந்தக் கருவி வேண்டாம் என்று சொல்வதற்காக நான் இதை எழுதவில்லை. மனிதருக்கும் இயற்கைக்கும் உள்ள உறவைக் காட்டும் மெய்நிகர் கலைப் படைப்புகளில் சில உண்மையிலேயே அருமையானவை. ஆனால் எந்தக் காட்டைக் கண்ணாடிக்குள் வைக்க வேண்டும், எதை வைக்கக் கூடாது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. கால் போகக்கூடிய இடத்துக்குக் கால்தான் போக வேண்டும். கண்ணாடி, நம் காலும் கண்ணும் போக முடியாத இடத்துக்குப் போகட்டும்.

முதலில் அந்தக் கண்ணாடி என்ன செய்கிறது என்று பார்த்துவிடுவோம். நம் இரு கண்களுக்கும் இடையே சுமார் ஆறு சென்டிமீட்டர் இடைவெளி இருக்கிறது. அதனால் ஒரே பொருளை இரு கண்களும் சற்றே வேறுபட்ட கோணங்களில் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு மூளை தூரத்தைக் கணக்கிடுகிறது. வி.ஆர். கண்ணாடி இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு ஒரு படம் என்று தனித்தனியாகக் காட்டி அதே கணக்கை மூளையைப் போட வைக்கிறது. தலையைத் திருப்பினால் உள்ளேயிருக்கும் உணரிகள் அதை அளக்கின்றன. படம் அதற்கேற்ப மாறுகிறது. நல்ல கருவிகள் நொடிக்கு 90 முறை புதுப் படம் வரைகின்றன. தலை திரும்பியதற்கும் படம் மாறியதற்கும் இடையே 20 மில்லிநொடிக்கு மேல் தாமதமானால் பலருக்குத் தலை சுற்றும். காரணம், நம் உட்காதில் சமநிலையைக் கவனிக்கும் உறுப்பு ‘தலை திரும்பிவிட்டது’ என்கிறது, கண் ‘இன்னும் இல்லை’ என்கிறது. இருவரில் யாரை நம்புவது என்று மூளைக்குக் குழப்பம். வளைவு நெளிவான மலைச்சாலையில் பேருந்துக்குள் புத்தகம் படித்தால் குமட்டுமே, ஏறக்குறைய அதே சண்டைதான்.

திரைப்படத்தில் நீங்கள் என்ன செய்தாலும் கதை மாறாது. ஊடாடும் கலையில் அப்படியில்லை. உங்கள் பார்வை, நடை, மூச்சு ஆகியவற்றுக்கு ஏற்றபடி படைப்பு பதில் சொல்கிறது. கேள்வி, எதற்குப் பதில் சொல்கிறது என்பதுதான்.

மூச்சால் மிதப்பது

இந்தத் துறையில் பலரும் முன்னோடி என்று சொல்லும் படைப்பு 1995இல் வந்தது. கனடாவைச் சேர்ந்த ஓவியர் சார் டேவிஸ் உருவாக்கிய ‘ஓஸ்மோஸ்’. அதில் விசைப்பலகை இல்லை, கையில் பிடிக்கும் கருவியும் இல்லை. கண்ணாடியோடு மார்பில் ஒரு கச்சை கட்டுவார்கள். மூச்சை உள்ளிழுத்தால் நீங்கள் மேலே மிதப்பீர்கள். விட்டால் மெல்ல இறங்குவீர்கள். உடலைச் சாய்த்தால் அந்தப் பக்கம் நகர்வீர்கள். ஒளி ஊடுருவும் ஒரு மரம், ஒரு குளம், ஓர் இலையின் உட்புறம், மண்ணுக்கடியில் வேர்கள் என்று அதற்குள் பல உலகங்கள் இருந்தன.

டேவிஸ் முக்குளிப்பவரும்கூட. நீருக்கடியில் மிதக்கும்போது நுரையீரலில் இருக்கும் காற்றைக் கூட்டிக் குறைத்தே உயரத்தை மாற்றலாம் என்பது முக்குளிப்பவர்கள் அனைவருக்கும் தெரியும். அதை அப்படியே கலைக்குள் கொண்டுவந்தார். கையில் விசைப்பிடி கொடுத்தால் மனிதன் உடனே ஓட்டுநராகிவிடுவான், துரத்துவான், சுடுவான். அதனால் அதை வேண்டுமென்றே தவிர்த்தார். வேகமாக எதையும் செய்ய முடியாத ஓர் உலகம் அது. முப்பது ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்றைய கண்ணாடியின் படம் அன்றையதைவிடப் பல மடங்கு கூர்மை. ஆனால் இந்த ஒரு யோசனையைத் தாண்டிப் போன படைப்புகள் அதிகமில்லை என்பது என் எண்ணம்.

லண்டனைச் சேர்ந்த மார்ஷ்மெல்லோ லேசர் ஃபீஸ்ட் என்ற கலைக்குழுவின் வேலையும் எனக்குப் பிடிக்கும். அவர்களுடைய ‘ட்ரீஹக்கர்’ என்ற படைப்பில் மரத்தைப் போன்ற ஓர் உருவத்தின் பொந்தில் தலையை நுழைக்க வேண்டும். கண்ணாடிக்குள், கலிபோர்னியாவின் ராட்சத செக்வோயா மரம் ஒன்றின் தண்டுக்குள் நீர் மேலே ஏறுவதை, நீருடன் சேர்ந்து நீங்களும் ஏறிப் பார்க்கலாம். சைலம், நீராவிப்போக்கு என்று பாடநூலில் படித்திருப்பீர்கள். இலைகளிலிருந்து நீர் ஆவியாகப் போகப் போக, கீழேயிருந்து நீர் சங்கிலிபோல இழுக்கப்பட்டு மேலேறுகிறது. இருபது, முப்பது மாடி உயரத்துக்கு, மோட்டார் இல்லாமல், சத்தமில்லாமல். அந்த மரத்தின் முன்னால் நாள் முழுவதும் நின்றாலும் இது நம் கண்ணுக்குத் தெரியாது. தெரியாததைக் காட்டுவதற்கு ஒரு கருவி. சரியான வேலை.

அதே குழு 2015இல் இன்னொன்று செய்தது. வட இங்கிலாந்தின் கிரைஸ்டேல் காட்டை லேசர் கதிரால் அளந்து, அந்தக் காட்டை ஒரு கொசுவினப் பூச்சி, ஒரு தும்பி, ஒரு தவளை, ஓர் ஆந்தை ஆகியவை எப்படி உணரக்கூடும் என்று கற்பனை செய்து காட்டினார்கள். விலங்கு உணர்வது உண்மையில் அப்படித்தான் இருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அது கலைஞர்களின் ஊகம். நான் இங்கே சொல்ல வருவது வேறொன்று. அந்தக் கண்ணாடிகளை அவர்கள் வைத்த இடம் அருங்காட்சியகம் அல்ல, அதே காடு. கண்ணாடியைக் கழற்றினால் முன்னால் நிற்பவை நீங்கள் சற்றுமுன் வேறொரு கண்ணால் பார்த்த அதே மரங்கள்.

நமக்கு அருகில், சிங்கப்பூர் தேசிய அருங்காட்சியகத்தில் ஜப்பானின் டீம்லேப் குழு 2016இல் ‘காட்டின் கதை’ என்ற படைப்பை அமைத்தது. இதற்குக் கண்ணாடி தேவையில்லை, சுவரே திரை. மலாக்காவில் 1803 முதல் 1818 வரை ஆங்கிலேய அதிகாரியாக இருந்த வில்லியம் ஃபார்குவார் சீன ஓவியர்களைக் கொண்டு வரையச் செய்த 477 இயற்கை ஓவியங்களிலிருந்து 69 ஓவியங்களை எடுத்து உயிரூட்டியிருந்தார்கள். நம் தீபகற்பத்தின் தாப்பிரும் மானும் பூக்களும் சுவரில் நடமாடின. அழகுக்குக் குறைவில்லை. ஆனால் பார்வையாளர் செய்ய வேண்டியிருந்தது என்ன? திறன்பேசியின் கேமராவை நீட்டி விலங்கைப் ‘பிடித்து’த் தன் சேகரிப்பில் சேர்ப்பது. இருநூறு ஆண்டுகளுக்கு முன் பிடித்துவரப்பட்ட விலங்குகளைப் பார்த்து வரைந்த ஓவியங்கள். அங்கே அவற்றை மறுபடி பிடித்தோம். அந்த ஓவியங்களை வரைந்தவர்களின் பெயர்கூட நமக்குத் தெரியாது என்பது தனிக் கதை. இயற்கையோடு உறவு என்றால் பிடிப்பதும் சேர்ப்பதும்தானா என்ற கேள்வி எனக்குள் இருந்துகொண்டே இருக்கிறது.

ஆய்வுகள் சொல்வது

‘இதெல்லாம் ரசனை சார், இதனால் உண்மையில் ஏதாவது மாறுமா?’ என்று உங்களில் யாராவது கேட்கலாம். கேட்க வேண்டும்.

2020இல் இங்கிலாந்தின் எக்ஸிடர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். பங்கேற்றவர்களுக்கு முதலில் அலுப்பூட்ட வேண்டும். அதற்காக, அலுவலகப் பொருள் விற்கும் நிறுவனத்தில் தனக்கு என்ன வேலை என்று ஒருவர் விவரிக்கும் காணொளியைப் பார்க்க வைத்தார்கள். (இதைப் படித்தபோது என் வகுப்புகள் சில ஞாபகத்துக்கு வந்தன.) பிறகு கடலடிப் பவளப்பாறைக் காட்சியை மூன்று வகையாகக் காட்டினார்கள். ஒரு பிரிவுக்குத் தொலைக்காட்சியில். இன்னொன்றுக்கு 360 பாகைக் காணொளியாகக் கண்ணாடியில். மூன்றாவது பிரிவுக்கு, கணினியால் உருவாக்கிய, அவர்களுடைய அசைவுக்குப் பதில் சொல்லும் ஊடாடும் உலகமாக. மூன்றுமே அலுப்பைக் குறைத்தன. ஆனால் மகிழ்ச்சியைக் கூட்டியதும், இயற்கையோடு தனக்குத் தொடர்பு உண்டு என்ற உணர்வை வளர்த்ததும் மூன்றாவதுதான். ஆக, ஊடாட்டத்துக்கு உண்மையிலேயே சக்தி உண்டு.

அமெரிக்காவின் ஸ்டான்ஃபர்ட் பல்கலைக்கழக ஆய்வகத்தில் இதைவிட வேடிக்கையான ஒன்று நடந்தது. கண்ணாடிக்குள் ஒரு மரத்தை ரம்பத்தால் வெட்ட வைத்தார்கள். கையில் பிடித்த கருவி அதிரும். மரம் சடசடவென்று சாயும். பிறகு, தற்செயலாகக் கொட்டியதுபோல் தண்ணீரைக் கொட்டிவிட்டு, துடைக்க உதவும்படி கேட்டார்கள். மரம் வெட்டப்படுவதைப் பற்றி வெறுமனே வாசித்தவர்களைவிட, தாமே ‘வெட்டியவர்கள்’ சுமார் 20 விழுக்காடு குறைவான காகிதக் கைத்துடைப்பான்களைப் பயன்படுத்தினார்கள். 2014இல் வெளியான ஆய்வு இது.

இங்கேதான் நான் சற்று நிற்க விரும்புகிறேன். கண்ணாடியைக் கழற்றிய கையோடு மனநிலையை அளந்தால் அது நன்றாகவே இருக்கும். சற்று நேரத்தில் இரண்டு காகிதம் குறைவாக எடுப்பதும் நல்லதுதான். ஆனால் காடு காகிதக் கைத்துடைப்பான் அல்ல. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் உளவியலாளர் பீட்டர் கான் 2008இல் வெளியிட்ட ஆய்வை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிறிய மன அழுத்தத்துக்குப் பிறகு இதயத்துடிப்பு எவ்வளவு விரைவில் அமைதியடைகிறது என்று அவர் குழு அளந்தது. சிலருக்கு மரங்கள் தெரியும் உண்மையான சன்னல். சிலருக்கு அதே காட்சியை நேரலையில் காட்டும் பெரிய திரை. சிலருக்கு வெறும் சுவர். சன்னலுக்கு முன் இருந்தவர்களின் துடிப்பு விரைவில் இறங்கியது. திரை? வெறும் சுவரைவிட மேலாக எதையும் செய்யவில்லை.

அது தட்டைத் திரை, வி.ஆர். கண்ணாடி அல்ல என்று நீங்கள் மறுக்கலாம். மறுப்பு சரியே. கண்ணாடிக்குள் இருக்கும் ஊடாடும் உலகம் திரையைவிட மேல் என்பதை எக்ஸிடர் ஆய்வே காட்டுகிறது. ஆனால் கான் சொன்ன இன்னொரு விஷயம் எனக்கு இதைவிடப் பெரியதாகப் படுகிறது. 1990களில் அவர் அமெரிக்காவின் ஹியூஸ்டன் நகரத்துச் சிறுவர்களிடம் பேசினார். மாசு என்றால் என்ன என்று அவர்களுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. ஆனால் தங்கள் நகரம் மாசடைந்தது என்று அவர்களில் பலருக்குத் தோன்றவே இல்லை. பிறந்ததிலிருந்து பார்த்தது அதுதான். எனவே அதுதான் இயல்பு. ஒவ்வொரு தலைமுறையும் தான் சிறுவயதில் பார்த்த இயற்கையையே அளவுகோலாக வைத்துக்கொள்கிறது, முந்தைய தலைமுறை இழந்தது அதற்குத் தெரிவதில்லை என்று அவர் விளக்கினார். தலைமுறை மறதி என்று இதைச் சொல்லலாம்.

இப்போது அந்தப் படிவம் இரண்டு மாணவியை நினைத்துப் பாருங்கள். அவள் மனத்தில் பதிந்த முதல் காட்டில் கொசு இல்லை. வியர்வை இல்லை. சறுக்கும் வேர் இல்லை. திரும்பிய பக்கமெல்லாம் ஒரு விலங்கு காத்துக்கொண்டிருக்கும். அதுவே அவளுக்கு அளவுகோலாகிவிட்டால், என்றோ ஒருநாள் மூன்கேட் வழியாகக் கொடிமலை ஏறும்போது உண்மையான காடு அவளுக்கு ஏமாற்றமாக இருக்கும். ‘இவ்வளவுதானா?’ என்பாள். ‘இவ்வளவுதானா’ என்று தோன்றிய காட்டை வெட்ட யாராவது வந்தால் எதற்காக எதிர்ப்பாள்?

உண்மையான காடு பெரும்பாலான நேரம் எதுவும் காட்டாது. மலைக்காட்டில் கறுப்பு ராட்சத அணில் இருக்கிறது. மூக்கிலிருந்து வால் நுனிவரை அளந்தால் கிட்டத்தட்ட ஒரு மீட்டர் வரும். அதைப் பார்ப்பதற்காக ஒருமுறை நாற்பது நிமிடம் ஒரே கல்லில் உட்கார்ந்திருந்தேன். மழை வந்தது. அணில் வரவில்லை. மூன்றாவது முறை, வேறு எதையோ நினைத்துக்கொண்டு நடக்கும்போது தலைக்கு மேலே கிளை ஆடியது. அந்த அணில் எனக்காக வரவில்லை; அதற்கு வேறு வேலை இருந்தது. நான் அங்கே இருந்தேன், அவ்வளவுதான். அந்த உணர்வை இதுவரை எந்தக் கண்ணாடியும் எனக்குத் தரவில்லை. ஏனென்றால் கண்ணாடிக்குள் இருப்பதெல்லாம் நமக்காகவே வருகிறது.

யாருக்குக் கண்ணாடி வேண்டும்?

மலை ஏற முடியாதவர்கள் இருக்கிறார்கள். சக்கர நாற்காலியில் இருப்பவர், படுக்கையில் இருக்கும் பாட்டி, மருத்துவமனையில் பல வாரம் தங்கும் குழந்தை. அவர்களுக்குக் கண்ணாடிக்குள் ஒரு காடு கிடைப்பது நல்லது. அதற்கு நான் ஒரு வார்த்தை எதிராகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் நம் பள்ளிகளில் பெரும்பாலான மாணவர்களுக்கு இரண்டு கால்களும் நன்றாக இருக்கின்றன. தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலைக்குப் போகாத குடும்பம் நம்மில் குறைவு. அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? மலைக்காட்டிலிருந்து இறங்கும் அருவியிலிருந்து. கோயிலுக்குப் பக்கத்திலேயே 1884இல் சார்லஸ் கர்ட்டிஸ் பொறுப்பேற்று உருவாக்கத் தொடங்கிய தாவரவியல் பூங்கா இருக்கிறது. நடந்து போவதற்குக் கட்டணம் இல்லை. அங்கிருந்து மலையுச்சிவரை ஜீப் பாதை போகிறது. 2021 செப்டம்பரில் யுனெஸ்கோ கொடிமலையையும் அதையொட்டிய காடு, கடல் பகுதிகளையும் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவித்தது. தாசேக் சினி, சபாவின் குரோக்கர் மலைத்தொடர் ஆகியவற்றுக்குப் பிறகு மலேசியாவுக்குக் கிடைத்த மூன்றாவது சிறப்பு இது. இப்படி ஒரு காட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சுற்றுலாவுக்குப் பேருந்து ஏற்பாடு செய்வது தொல்லை, கண்ணாடி வாங்கினால் மழைக்காடு பாடம் முடிந்துவிடும் என்று ஒரு பள்ளி நினைக்குமானால், அது தவறான கணக்கு. கண்ணாடியும் பேருந்தும் ஒன்றுக்கொன்று மாற்று அல்ல. ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் என் வாக்கு பேருந்துக்கு.

அப்படியானால் பினாங்கில் மெய்நிகர் கலைக்கு வேலையே இல்லையா? நிறைய இருக்கிறது. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம் போட்ட லோத்தோங் குரங்குகளைப் பார்த்திருப்பீர்கள். மரத்துக்கு மரம் தாவி வாழ்பவை. நடுவே சாலை போட்டுவிட்டால் தரையில் இறங்கி வண்டிகளுக்கு நடுவே ஓட வேண்டும். 2019இல் தெலுக் பஹாங்கில், ‘லங்கூர் புராஜெக்ட் பினாங்கு’ குழுவினர் பழைய தீயணைப்புக் குழாய்களைப் பின்னி, சாலைக்கு மேலே ஒரு பாலம் கட்டினார்கள். காரில் போகிறவருக்கு அந்தச் சாலை சில விநாடி. மேலே கிளை முடிந்துபோன இடத்தில், முதுகில் உலகமே ஆடிக்கொண்டிருக்க, கீழே லாரி போவதைப் பார்க்கும் கண்ணுக்கு அது என்ன? அதைக் காட்டக் கண்ணாடி வேண்டும்.

எனக்கு மிகவும் பிடித்த யோசனை வேறொன்று. டுரியான். பாலிக் பூலாவில் பழம் விழும் காலத்தில் பினாங்கே அந்தப் பக்கம் திரும்பிவிடுகிறது. ஆனால் டுரியான் பூவை மலர்ந்த நிலையில் பார்த்தவர் நம்மில் எத்தனை பேர்? கிளைகளில் கொத்துக் கொத்தாகத் தொங்கும் வெளிறிய பூ. பிற்பகலில் விரியத் தொடங்கி, இரவில் முழுதாக மலர்ந்து, விடிவதற்குள் இதழ்களை உதிர்த்துவிடும். பெரும்பாலான டுரியான் வகைகளுக்குத் தம் சொந்த மகரந்தம் அவ்வளவாக உதவாது. வேறு வகை மரத்தின் மகரந்தம் வந்து சேர வேண்டும். அதைச் சுமந்துவருவது யார்? முக்கியமாக, தேன் குடிக்கும் குகை வௌவால்கள். பத்துமலைக் குகைகளிலும் இவை உண்டு. ஒரே இரவில் 30 கிலோமீட்டருக்கு அப்பாலும் போய்த் தேன் தேடக்கூடியவை. இரவுதோறும் குகைக்கும் பூவுக்கும் இடையே போய்வருகின்றன. வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போவைத் தாண்டும்போது, பாதி வெட்டப்பட்டு வெள்ளையாக நிற்கும் சுண்ணாம்புக் குன்றுகளைப் பார்த்திருப்பீர்கள். அப்படிப்பட்ட குன்றுகளின் குகைகள்தான் இந்த வௌவால்களின் வீடு. குன்று உடைபடுவதும் டுரியான் காய்ப்பதும் ஒரே கதையின் இரு முனைகள். அந்தக் கதை நடப்பதோ இருட்டில், பல மீட்டர் உயரத்தில், நாம் தூங்கும்போது. எந்தப் பேருந்தும் அங்கே அழைத்துப்போகாது.

இதை ஒரு மெய்நிகர் படைப்பாக யாராவது செய்யுங்கள் என்று கேட்கிறேன். யாராவது என்றால் லண்டன் கலைஞர் அல்ல, நீங்கள். உங்கள் பள்ளியில் கணினி தெரிந்தவர், படம் வரைபவர், உயிரியல் பிடித்தவர் என்று மூன்று பேர் சேர்ந்தால் போதும். 360 பாகைக் கேமரா ஒன்றைக் கடன் வாங்கலாம். விலையில்லாமல் கிடைக்கும் விளையாட்டு மென்பொருள்களிலேயே மெய்நிகர் உலகத்தைக் கட்டலாம். பார்ப்பதற்குக் காகித அட்டையில் திறன்பேசியைச் செருகும் எளிய கண்ணாடியே ஆரம்பத்துக்குப் போதும்.

மூன்று நிபந்தனைகள் மட்டும் வைப்பேன். பார்ப்பவர் கையில் பொத்தான் கொடுக்காதீர்கள். அசையாமல் காத்திருந்தால்தான் பூ விரிய வேண்டும். தலையை வேகமாக ஆட்டினால் வௌவால் விலகிப் போகட்டும். அடுத்தது, ‘இங்கே அழுத்தினால் குன்று காப்பாற்றப்படும்’ என்று ஒரு முடிவை வைக்காதீர்கள். குன்று அப்படிக் காப்பாற்றப்படுவதில்லை என்று படைப்பைப் பார்க்கிறவருக்கும் தெரியும். கடைசியாக, இதைப் பேரங்காடியில் வைக்காதீர்கள். ஒரு டுரியான் மரத்தடியில் வையுங்கள். கண்ணாடியைக் கழற்றியதும் அண்ணாந்து பார்க்க உண்மையான கிளை இருக்கட்டும்.

விழா முடிந்து கிளம்பும்போது அந்த மாணவியிடம் இதைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்தாள். “ராத்திரியிலயா சார்? அம்மா விட மாட்டாங்க” என்றாள். நியாயம்தான். அம்மாவையும் அழைத்து வா என்றேன். “அங்க கொசு கடிக்குமே?” என்றாள். கடிக்கும் என்றேன்.

ஆர்வமுள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. பழம் விழும் மாதத்திலிருந்து மூன்று, நான்கு மாதம் பின்னோக்கிக் கணக்கிட்டால் பூக்கும் காலம் வரும். பாலிக் பூலாவில் தெரிந்த தோட்டக்காரர் யாராவது இருந்தால் இப்போதே பேசிவையுங்கள். மரம் மொட்டு விட்டதும் அவர்தான் முதலில் பார்ப்பார். கேமராவை மாலை ஐந்து மணிக்குள் கிளையில் கட்டிவிட வேண்டும். மரத்தில் ஏறுவது அவர் வேலை, உங்கள் வேலை அல்ல. கீழே பாய் விரித்து, விளக்கை அணைத்துவிட்டு, காதைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.